கிரீன் பட் ஸ்கங்க் ஃப்ளையைக் கொண்டு கோடைக்கால ஸ்டீல்ஹெட் பிடிப்பது எப்படி? டெஷூட்டீஸ் ஆற்றுக்கான முழுமையான வழிகாட்டி

ஆரகன் மாநிலத்தின் டெஷூட்டீஸ் ஆற்றில் ஸ்டீல்ஹெட் பிடிக்க வரும் புதியவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியோடுதான் வருகிறார்கள்: "எந்த ஃப்ளை போட வேண்டும்?" ஃப்ளை என்பது கொக்கியில் இறகும் முடியும் நூலும் கட்டிச் செய்யும் பொய் இரை. ட்ரவுட் பிடித்துப் பழகியவர்களுக்கு இந்தக் கேள்வி இயல்பு. ஆனால் ஸ்டீல்ஹெட் கடலுக்குப் போய் வளர்ந்து, முட்டையிட ஆற்றுக்குத் திரும்பும் ரெயின்போ ட்ரவுட். ஆற்றுக்குள் வந்தபின் அது இரை தேடி அலைவது குறைவு. எந்தப் பூச்சியைத் தின்கிறது என்று பார்த்து அதே மாதிரி ஃப்ளை கட்டும் வித்தை இங்கே பெரிதாகப் பலிக்காது.

அதனால் ஃப்ளையை ஒன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கவனம் முழுவதும் இரண்டு விஷயங்களில் இருக்கட்டும்: ஃப்ளை எந்த வேகத்தில் நீரைக் கடக்கிறது, ஒரு இடம் விடாமல் ஆற்றை எப்படி அலசுவது. நான் வைத்திருப்பது கிரீன் பட் ஸ்கங்க். கறுப்பு உடல், பின்னால் பளிச்சென்று ஒரு பச்சை வளையம், மேலே வெள்ளை முடி. மங்கிய வெளிச்சத்தில் கறுப்பு நன்றாக உருவம் காட்டும். வெள்ளை முடி, ஃப்ளை எங்கே போகிறது என்று உங்களுக்கும் அவ்வப்போது காட்டிக்கொடுக்கும்.

## 1. கிளம்பும் முன் சரிபார்க்க வேண்டியவை

ஆரகன் மீன்பிடி உரிமத்தோடு, ஸ்டீல்ஹெட்டுக்கான டேக்கும் (எடுத்துக்கொள்ளும் மீனைப் பதியும் சீட்டு) தனியாக வாங்க வேண்டும். ஆற்றின் மேற்குக் கரையில் ஒரு பெரும்பகுதி வார்ம் ஸ்பிரிங்ஸ் பழங்குடியினரின் நிலம். அந்தக் கரையில் நிற்க அவர்களுடைய அனுமதி வேண்டும், அனுமதியே கிடைக்காத பகுதிகளும் உண்டு. வரைபடத்தை முந்தைய இரவே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த வருடம் ஆறு திறந்திருக்கிறதா என்பதையும் பாருங்கள். 2021-இல் திரும்பி வந்த மீன்கள் மிகக் குறைவாக இருந்ததால் டெஷூட்டீஸில் ஸ்டீல்ஹெட் பிடிப்பதையே நிறுத்தி வைத்தார்கள். முகத்துவாரத்தை ஒட்டிய பகுதி, மீன்கள் குளிர்ச்சி தேடி ஒதுங்கும் இடம் என்பதால், கோடையில் மூடப்படுவதுண்டு. மாநில மீன்வளத் துறையின் அறிவிப்பைக் கிளம்பும் அன்று காலையில் படியுங்கள். போன வாரம் படித்தது போதாது.

கொலம்பியா ஆற்றிலுள்ள பானவில், த டாலஸ் அணைகளில் மீன் ஏணி வழியாக ஏறும் ஸ்டீல்ஹெட்டுகளை எண்ணித் தினமும் வெளியிடுகிறார்கள். டெஷூட்டீஸ் கொலம்பியாவோடு சேரும் இடம் இந்த இரண்டு அணைகளுக்கும் மேலே இருக்கிறது. த டாலஸில் எண்ணிக்கை ஏறத் தொடங்கினால் கிளம்பலாம். ஜூலையில் ஆரம்பித்து அக்டோபர் வரை காலம். எனக்குப் பிடித்தது செப்டம்பர். வெயிலும் தணியும், தண்ணீரும் குளிரும்.

## 2. சாமான்கள்

இரண்டு கையால் வீசும் 13 அடி, 7 வெயிட் ராட் (தூண்டில்கோல்; வெயிட் என்பது அது வீசும் லைனின் கன எண்) இருந்தால் வேலை சுலபம். டெஷூட்டீஸ் கரை நெடுக ஆல்டர் மரங்கள் நிற்கின்றன. ஒற்றைக் கை ராடில் லைனைப் பின்னால் பறக்கவிட்டால் ஃப்ளை மரத்தில்தான் இருக்கும். ஒற்றைக் கை ராடுதான் இருக்கிறது என்றால் 9½ அல்லது 10 அடி, 7 அல்லது 8 வெயிட் எடுத்துக்கொண்டு ரோல் காஸ்ட் (லைனைப் பின்னால் பறக்கவிடாமல் நீர்மேல் உருட்டி வீசுவது) பழகுங்கள்.

மிதக்கும் லைன் போதும். ரீலில் 150 கஜமாவது பேக்கிங் (லைனுக்கு அடியில் சுற்றி வைக்கும் கூடுதல் நூல்) வேண்டும், ஏனென்றால் நல்ல மீன் ஒரே ஓட்டத்தில் லைன் முழுவதையும் உருவிக்கொண்டு போய்விடும். லைனின் முனையில் கட்டும் நரம்பான லீடர் 10 முதல் 12 அடி, அதன் நுனியில் ஃப்ளையைக் கட்டும் மெல்லிய பகுதியான டிப்பெட் 10 பவுண்ட் தாங்குவது. மெல்லிய டிப்பெட் போட்டால்தான் மீன் கடிக்கும் என்று நினைத்து 6 பவுண்டில் வருகிறவர்கள் உண்டு. ஸ்டீல்ஹெட் டிப்பெட்டைப் பார்த்து மிரளும் மீன் அல்ல. மெல்லிய நரம்பில் நீண்ட நேரம் போராட வைத்தால், விட்ட பிறகும் அது பிழைப்பது கஷ்டம்.

ஊன்றுகோல், வேடரின் (நீர் புகாத நீளக் கால்சட்டை) மேல் இறுக்கிக் கட்டும் பெல்ட், ஆணி பதித்த பூட்ஸ், போலரைஸ்டு கண்ணாடி, தண்ணீருக்கான தெர்மாமீட்டர். இதில் எதையும் விட்டுவிட்டு வராதீர்கள். இந்த ஆற்றின் கற்கள் வழுக்குவதில் பேர்போனவை. கரையில் ரேட்டில்ஸ்னேக் என்ற விஷப்பாம்பு உண்டு. விடியற்காலை இருட்டில் புல்லுக்குள் காலை வைக்குமுன் விளக்கடித்துப் பாருங்கள்.

## 3. ஃப்ளை கட்டும் வரிசை

கடையிலும் கிடைக்கும். ஆனால் கற்களில் உரசி நிறைய தொலையும், அதனால் கட்டப் பழகிக்கொள்வது நல்லது. மேல்நோக்கி வளைந்த கண் உள்ள ஸ்டீல்ஹெட் கொக்கி, 4 மற்றும் 6-ஆம் எண் (எண் கூடக் கூடக் கொக்கி சிறிது). மங்கிய வெளிச்சத்துக்கு 4, தெளிந்த பகல் தண்ணீருக்கு 6.

முதல் வேலை, எதிர்முள்ளைப் பிளையரால் நசுக்குவது. கட்டி முடித்தபின் நசுக்கினால் சில கொக்கிகள் முறிந்துபோகும், உழைப்பெல்லாம் வீண். முறிவதென்றால் முதலிலேயே முறியட்டும்.

கறுப்பு நூலைக் கண்ணுக்குப் பின்னால் ஆரம்பிக்கிறோம். கண்ணை ஒட்டி அல்ல. கண்ணின் நீளத்தைப் போல ஒன்றரை மடங்கு இடம் விட்டு. இந்தக் காலி இடத்தை மனதில் வையுங்கள், பின்னால் இதைப் பற்றித்தான் பேசப் போகிறோம். அங்கிருந்து கொக்கி வளையத் தொடங்கும் இடம் வரை நூலைச் சுற்றிக்கொண்டு போங்கள்.

வாலுக்குச் சிவப்புச் சாயம் போட்ட சேவல் இறகிலிருந்து ஒரு சிட்டிகை இழைகள். வால் கொக்கியின் வளைவைக் கொஞ்சம் தாண்டினால் போதும்.

அடுத்து பச்சை ஷெனில். நுனியில் பஞ்சை நகத்தால் உருவி எடுத்து, உள்ளே இருக்கும் நூலை மட்டும் கட்டுங்கள். பஞ்சோடு கட்டினால் அங்கே ஒரு முண்டு விழும். இரண்டு சுற்று, அவ்வளவுதான். மூன்றாவது சுற்றில் அது வளையமாக இல்லாமல் பாதி உடலாகிவிடும்.

பச்சை முடிந்த இடத்தில் வெள்ளி ஜரிகையையும் கறுப்பு ஷெனிலையும் சேர்த்துக் கட்டுங்கள். ஜரிகையைப் பச்சைக்கு முன்பே கட்டிவிட்டால் அது பச்சையின் மேலும் ஏறி, அந்தப் பளிச்சை மறைத்துவிடும். கறுப்பை நெருக்கமாகச் சுற்றி முன்னே வாருங்கள். பிறகு ஜரிகையை இடைவெளி விட்டு நான்கைந்து சுற்று. வெளிச்சத்தைப் பிடிப்பதோடு, கல்லில் உரசி ஷெனில் அவிழாமலும் அது காக்கும்.

இப்போது அந்தக் காலி இடம். புதியவர்கள் கட்டும் ஸ்கங்கைப் பார்த்தவுடன் தெரிந்துவிடும்: உடல் கண் வரைக்கும் வந்திருக்கும், இறகுக்கும் முடிக்கும் இடமே இருக்காது, எல்லாவற்றையும் அங்கே திணித்துத் தலை ஒரு பட்டாணி அளவுக்கு வீங்கியிருக்கும். அப்புறம் முடிச்சுப் போடக் கண்ணே தெரியாது. கறுப்பு ஷெனில் போதும் என்று தோன்றும் இடத்துக்கு ஒரு சுற்று முன்பே நிறுத்துங்கள்.

கறுப்பு இறகை நுனிப்பக்கமாகக் கட்டி, இரண்டு அல்லது மூன்று சுற்று. விரல்களால் பின்னுக்கும் கீழுக்கும் வாரிவிட்டு, நூலால் அந்தச் சாய்வில் பிடித்து வையுங்கள். அதிகம் சுற்றினால் ஃப்ளை மிதந்துகொண்டே போகும், நீருக்குள் இறங்காது.

கடைசியாக வெள்ளை முடி. கன்றுக்குட்டி வால்முடி சுருண்டு சுருண்டு இருக்கும். அடியிலிருக்கும் குட்டையான முடிகளை வாரி எடுத்துவிடுங்கள். மிச்சத்தை முறுக்கிப் பார்த்தால் தீக்குச்சிக் கனம் இருக்க வேண்டும், அதற்கு மேல் வேண்டாம். நீளம் கொக்கியின் வளைவு வரை. நீளமாக விட்டால் வீசும்போது வளைவில் சுற்றிக்கொண்டு ஃப்ளை பக்கவாட்டில் நீந்தும். அதுவும் தெரியாமல் அரை மணி நேரம் வீசிக்கொண்டிருப்பீர்கள்.

இந்த முடி வழுக்கும். கட்டும் முன் அடிப்பக்கத்தைச் சாய்வாக வெட்டி, ஒரு சொட்டு ஹெட் சிமென்ட் பசை வைத்துவிட்டு இறுக்குங்கள். விப் ஃபினிஷ் (நூலைத் தலையில் சுற்றி முடிக்கும் முடிச்சு), வார்னிஷ். காயுமுன் கண்ணில் ஊசி விட்டு அடைப்பை எடுங்கள். உறைந்த வார்னிஷ் டிப்பெட்டை அறுக்கும். காய்ந்ததும் வெள்ளை முடியைப் பிடித்து ஓர் இழு இழுத்துப் பாருங்கள். கையோடு வந்தால், மீன் வாயில் வராமல் இங்கே வந்ததே என்று மீண்டும் கட்டுங்கள்.

## 4. முடிச்சு

மேல்நோக்கி வளைந்த கண்ணுக்கு டர்ல் முடிச்சு. டிப்பெட் கண்ணுக்குள் நுழைந்து கழுத்தில் விழுவதால் ஃப்ளை நரம்போடு நேர்கோட்டில் நிற்கும். சாதாரண கிளிஞ்ச் முடிச்சு கண்ணின் ஓரத்துக்கு நகர்ந்துகொண்டால் ஃப்ளை சாய்ந்து நீந்தும். எச்சில் தொட்டு நனைத்து இறுக்குங்கள். வறண்டு இறுக்கிய நரம்பு சூட்டில் பலமிழக்கும்.

## 5. நேரமும் வெளிச்சமும்

முதலில் தெர்மாமீட்டர். தண்ணீர் 10 முதல் 15 டிகிரி செல்சியஸ் என்றால் மிக நல்லது. 20 டிகிரியை, அதாவது 68 ஃபாரன்ஹீட்டை நெருங்கினால் அன்றைக்கு ராடை மடக்கிவிடுங்கள். சூடான நீரில் ஆக்சிஜன் குறைவு, போராடிய மீன் தேறாது. கடும் வெயில் காலங்களில் பிற்பகல் 2 மணிக்கு மேல் பிடிக்கக் கூடாது என்று துறையே அறிவிப்பதும் உண்டு.

டெஷூட்டீஸ் தெற்கிலிருந்து வடக்கே ஓடுகிறது. நீரோட்டத்தை எதிர்த்து நிற்கும் மீன் தெற்கு நோக்கி நிற்கிறது. நடுப்பகல் வெயில் நேராக அதன் கண்ணில் விழும். அந்த நேரத்தில் மேல்மட்டத்தில் போகும் ஃப்ளைக்காக அது எழுவது அரிது. காலையில் கிழக்குப் பாறைச்சுவரின் நிழல் விழும் இடத்தையும், மாலையில் மேற்குச் சுவரின் நிழலையும் துரத்துங்கள். நிழல் விலகியதும் இடத்தை மாற்றுங்கள், ஃப்ளையை அல்ல.

இன்னொன்று: மோபின் ஊருக்குக் கீழே ஒயிட் ரிவர் வந்து சேர்கிறது. கொளுத்தும் நாட்களில் ஹூட் மலையின் பனியாறு உருகி அதன் வழியே வண்டலைக் கொண்டுவரும், அதற்குக் கீழே ஆறு முழுவதும் கலங்கிவிடும். அப்போது மோபினுக்கு மேலே போய்விடுங்கள்.

## 6. தண்ணீரைப் படிப்பது

தேட வேண்டியது இரண்டே அடையாளம். ஆழம் 3 முதல் 6 அடி. வேகம், ஒருவர் நிதானமாக நடக்கும் வேகம். மேற்பரப்பு கண்ணாடியாகவும் இல்லாமல் கொந்தளிப்பாகவும் இல்லாமல், லேசாக அலைந்துகொண்டிருக்க வேண்டும். அடியில் தலை அளவுக்கும் அதைவிடப் பெரிதாகவும் கற்கள் இருந்தால் இன்னும் நல்லது. அவற்றின் முன்னும் பின்னும் மீன் இளைப்பாறும்.

ஆழமான மடுவைப் பார்த்ததும் "இங்கேதான் இருக்கும்" என்று நிற்காதீர்கள். மடு முடிந்து, தரை மேலேறி, நீர் மென்மையாக விரியும் அந்த வால்பகுதிக்கு வாருங்கள். அதற்குக் கீழே உள்ள பாய்ச்சலை ஏறி வந்த மீன் மூச்சுவாங்கும் இடம் அது.

## 7. ஸ்விங்: ஒரு ரன்னை அலசும் வரிசை

ஸ்விங் என்பது வீசிய ஃப்ளை இறுகிய லைனில் நீரோட்டத்தைக் குறுக்கே கடந்து கரைப்பக்கம் வருவது; ரன் என்பது அப்படி அலசுகிற ஒரு நீட்டு நீர்ப்பகுதி. படகிலிருந்தபடி தூண்டில் போட இந்த ஆற்றில் அனுமதியில்லை. படகில் வந்தாலும் இறங்கி நின்றுதான் வீச வேண்டும். எனவே இறங்குவதிலிருந்தே ஆரம்பிப்போம்.

ஏற்கெனவே ஒருவர் ரன்னில் நின்றால் அவருக்குக் கீழே இறங்காதீர்கள். மேலே, ரன்னின் தலையில், கேட்டுவிட்டு இறங்குங்கள். எல்லோரும் கீழ்நோக்கி நகர்வதால், அவருக்குக் கீழே நின்றால் அவருடைய தண்ணீரை நீங்கள் எடுத்துக்கொள்கிறீர்கள். இந்த ஆற்றில் சண்டை வருவது பெரும்பாலும் இதில்தான்.

முதல் வீச்சு கரையிலிருந்து. புதியவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் நேராக இடுப்பளவு நீருக்குள் நடந்துவிடுகிறார்கள். விடியற்காலையில் மீன் முழங்கால் ஆழத்தில், ஆல்டர் நிழலில் நிற்கும். நீங்கள் நடந்துபோய் நிற்கும் இடமே அது நின்ற இடமாக இருக்கலாம்.

குட்டையாக ஆரம்பியுங்கள். ராடுக்கு வெளியே 10, 15 அடி லைன். வீசி, ஸ்விங் முடிந்ததும் இரண்டடி கூட்டுங்கள். நின்ற இடத்திலேயே இப்படிக் கூட்டிக்கொண்டே போய், உங்களுக்கு வசதியான நீளத்தில் நிறுத்துங்கள். 50, 60 அடி தாராளம். 90 அடி வீசுகிறவர்களைப் பார்த்து மயங்க வேண்டாம். நேராக விழாத 90 அடியில் ஃப்ளை பாதி தூரம் தொய்வாகவே மிதந்து போகும்.

அதன்பின் நீளத்தை மாற்றாதீர்கள். இனி மாறுவது உங்கள் கால் மட்டும். வீச்சு, ஸ்விங், ஓர் அடி கீழே, திரும்ப வீச்சு. நீளமும் அடியும் மாறாமல் இருந்தால் ஃப்ளை ஆற்றை ஒழுங்கான கோடுகளாக வருடிக்கொண்டே வரும். எந்த மீனும் விடுபடாது. ஒரு வீச்சு நீளம், ஒரு வீச்சு குட்டை என்று போட்டால் எங்கே தேடினோம், எங்கே தேடவில்லை என்பது உங்களுக்கே தெரியாது.

கோணம். குறுக்கே நேராக அல்ல, கீழ்நோக்கி 45 டிகிரி. நீர் வேகமாக இருந்தால் இன்னும் கீழ்நோக்கி. குறுக்கே வீசினால் நீரோட்டம் லைனின் நடுவில் வில் போல வளைவு போட்டு ஃப்ளையைச் சாட்டையடியாக இழுத்துப் போகும். மீன் துரத்தினாலும் எட்டாது.

மென்ட். லைன் விழுந்தவுடன் ராடைத் தூக்கி லைனை மேல்நீர்ப் பக்கம் ஒரு முறை புரட்டிப் போடுங்கள். ஃப்ளை கொஞ்சம் இறங்கவும் மெதுவாகப் புறப்படவும் அதுவே போதும். ஸ்விங் பாதியில் திரும்பத் திரும்பப் புரட்டுவது கெடுதல்; ஒவ்வொரு புரட்டலிலும் ஃப்ளை துள்ளும்.

அப்புறம் ராட் நுனியால் லைனைப் பின்தொடருங்கள். கரைப்பக்கம் நீர் மந்தமானால் ராடைக் கரைப்பக்கமாக முன்னே கொண்டுபோய் ஃப்ளையை இழுத்து வையுங்கள்.

தொங்கல். லைன் உங்களுக்கு நேர் கீழே வந்து நின்றதும் உடனே எடுக்காதீர்கள். ஐந்து எண்ணுங்கள். இரண்டு முறை மெதுவாக இழுங்கள். கூடவே பின்தொடர்ந்து வந்த மீன், ஃப்ளை நின்று மறுபடி நகரும்போது முடிவெடுப்பது அடிக்கடி நடக்கும்.

காற்று. பிற்பகலில் கொலம்பியா பள்ளத்தாக்கிலிருந்து மேல்நீர்ப் பக்கமாகக் காற்று அடிக்கும். அப்போது லைன் நங்கூரமிடும் இடம் (முன்னே வீசும் முன் லைன் நீரைத் தொட்டு ஊன்றும் இடம்) உங்களுக்கு மேல்நீர்ப் பக்கம் இருக்க வேண்டும்: இருகை வீச்சுகளில் சிங்கிள் ஸ்பே அல்லது ஸ்னாப் டி. டபுள் ஸ்பே போட்டால் காற்று கொக்கியை உங்கள் முகத்துக்கே கொண்டுவரும்.

## 8. மீன் தொட்டவுடன்

ஒன்றும் செய்யாதீர்கள். இந்த வரியை எத்தனை முறை சொன்னாலும் முதல் மீனில் எல்லோரும் ராடைத் தூக்கிவிடுகிறார்கள். மீன் பின்னாலிருந்து வந்து ஃப்ளையை வாயில் வாங்கித் தன் இடத்துக்குத் திரும்புகிறது. திரும்பும்போது கொக்கி வாயின் ஓரத்தில் தானாகவே பதியும். அதற்குள் நீங்கள் தூக்கினால் திறந்த வாயிலிருந்து நேராக உருவி எடுக்கிறீர்கள்.

ரீலின் பிடியைத் தளர்வாக வையுங்கள், லைனை விரலால் அழுத்தாதீர்கள். ராட் தாழ்வாகவே இருக்கட்டும். ரீல் சத்தம் போட்டு லைன் ஓடி, கனம் கையில் உட்கார்ந்தபின், ராடைக் கரைப்பக்கமாகச் சாய்த்து மெதுவாக உயர்த்துங்கள்.

தட்டிவிட்டுப் போனால்? காலை நகர்த்தாதீர்கள், நீளத்தை மாற்றாதீர்கள். ஒரு நிமிடம் பொறுத்து அதே வீச்சு. வரவில்லையா? இப்போதுதான் ஃப்ளையை மாற்றலாம், அதுவும் அதே ஸ்கங்க்கில் சிறியது, 8-ஆம் எண். அதற்கும் வரவில்லை என்றால் பத்தடி மேலே போய் மறுபடி கீழே வாருங்கள். பதற்றத்தில் இரண்டடி கூட்டி வீசுகிறவர்கள் ஃப்ளையை மீனுக்குப் பின்னால் போடுகிறார்கள்.

## 9. கரைசேர்த்து விடுவது

முதல் ஓட்டத்தைத் தடுக்க வேண்டாம், ஓடட்டும். நின்றதும் நீங்கள் வேலையைத் தொடங்குங்கள்: ராடைப் பக்கவாட்டில் தாழ்த்தி மீனின் தலையைத் திருப்புங்கள். மேலே தூக்கினால் அது நீரோட்டத்தைத் தாங்கி அப்படியே நிற்கும்; பக்கவாட்டில் இழுத்தால் நிலைகுலையும்.

கற்களின் மேல் இழுத்துப் போடாதீர்கள். முழங்கால் ஆழமுள்ள மந்தமான நீரில் வாலைப் பிடித்து, உடலை நீருக்குள்ளேயே வைத்திருங்கள். முதுகில், வாலுக்கு முன்னால் இருக்கும் சிறிய கொழுப்புத் துடுப்பைப் பாருங்கள். அது முழுதாக இருந்தால் இயற்கை மீன், கட்டாயம் விட வேண்டும். வெட்டி ஆறிய தழும்பு இருந்தால் பண்ணையில் பொரித்தது. அன்றைய விதிப்படி எடுத்துக்கொள்ளலாம், டேக்கில் உடனே பதிய வேண்டும்.

விடும்போது தலை மேல்நீரை நோக்கி இருக்கட்டும். முன்னும் பின்னும் ஆட்டாதீர்கள். பின்னால் இழுக்கும்போது நீர் செவுளில் தலைகீழாகப் பாயும். அது தானாக உதறிக்கொண்டு போகும்வரை பிடித்திருங்கள். படம் வேண்டுமென்றால் மீன் நீரில் இருக்கும்போதே எடுக்கச் சொல்லுங்கள்.

## 10. அடுத்த வீச்சுக்கு முன்

மீன் பிடித்தவர் ரன்னின் தலைக்குத் திரும்பிப் போவது இங்கே வழக்கம். நடந்து போகும்போதே கடைசி மூன்றடி டிப்பெட்டை விரல்களுக்கு நடுவே உருவிப் பாருங்கள். சொரசொரப்பு இருந்தால் வெட்டிவிட்டுப் புதிதாகக் கட்டுங்கள். கொக்கி முனையைக் கட்டைவிரல் நகத்தில் வைத்து லேசாக இழுங்கள். கீறி நின்றால் சரி, வழுக்கினால் அரத்தால் தீட்டுங்கள். வெள்ளை முடி பாதி கொட்டியிருந்தால் கவலை வேண்டாம், அப்படியே போடலாம். பச்சை வளையம் அவிழ்ந்திருந்தால் பெட்டியிலிருந்து அடுத்ததை எடுங்கள்.